அங்காளம்மா கை வீங்கிய வருஷம்

19-1-1969, ஞாயிறு

பொங்கல் அன்றைக்குத்தான் நம்ம ராஜ்ஜியத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறியது. என் சிநேகிதன் அசன் முகைதீனின் கயிற்றுக் கடை ரேடியோவில் கேட்டோம். "இன்னா மச்சான், மெட்ராஸ்காரனா பொறந்தோம், இருந்த எடத்துலயே வேற ராஜ்ஜியத்துக்கு வந்துட்டோம்" என்றான். ஐப்பசிப் புயலில் மெட்ராஸ் கரையில் கப்பல் ஒதுங்கியது அறுபத்தாறு. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்றது அதற்கு அடுத்த வருஷம். கடற்கரையில் வரிசையாகச் சிலை வைத்தது போன வருஷம். இது பேர் மாறிய வருஷம். எழுத்து தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்வது நாகமுத்துவாகிய நான், எழுதுவது என் மருமகள் செல்லியம்மாள். எட்டாவது வரை படித்தவள். என் மகன் லோகநாதன் கவரைப்பேட்டை பக்கம் இரும்புக் கம்பெனியில் வேலை செய்கிறான், சனிக்கிழமைதான் பழவேற்காட்டுக்கு வருவான். அவன் முதலாளி கொடுத்த டைரி இது. "கையெழுத்து மறந்துபோவுது மாமா, நீங்க எதுனா சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். சொல்கிறேன்.

இன்றைய சேதி ஒன்றுதான். என் மகள் அங்காளம்மா திருவள்ளூரில் நர்ஸ் ட்ரெய்னிங் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் குப்பத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனவர்கள் உண்டு. வெள்ளைச் சேலை கட்டிப் போனவள் இவள்தான்.

3-2-1969

முதலமைச்சர் இறந்துபோனார். கடைத்தெரு முழுக்க மூடல். அசன் முகைதீன் ரேடியோ மேல் துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். நானும்.

9-2-1969, ஞாயிறு

திருவள்ளூர் போய் அங்காளம்மாவைப் பார்த்து வந்தேன். பொன்னேரியில் பஸ் மாறி, செங்குன்றத்தில் மாறி, போய்ச் சேர மத்தியானம். கருவாடு கொண்டுபோனேன். ஹாஸ்டல் வாசலிலேயே வாங்கி ஒளித்துக்கொண்டாள்.

புதிதாகச் சேர்ந்த பெண்கள் எல்லோருக்கும் கையில் சோதனை ஊசி போட்டிருக்கிறார்கள். நோயாளிகள் நடுவில் வேலை செய்யப் போகிறவர்கள், எந்த நோயை உடம்பு தாங்கும், எதைத் தாங்காது என்று முதலிலேயே பார்த்துக்கொள்வார்களாம். அம்மைக் குத்தும் மறுபடி குத்தியிருக்கிறார்கள். அது மேல்கையில். இந்தச் சோதனை முன்கையில்.

"தோலுக்குள்ள ஒரு சொட்டு மருந்து நைனா, அவ்ளோதான். மூணாம் நாள் சிஸ்டர் வந்து தடவிப் பார்த்து அளப்பாங்க. தட்டையா இருந்தா காசநோவுப் பூச்சியை அந்த உடம்பு இன்னும் பார்க்கவே இல்லைன்னு அர்த்தம். அவங்களுக்குத் தோள்ல பி.சி.ஜி. குத்துவாங்க. வீங்கினா, பூச்சி எப்பவோ வந்து போயிருக்கு."

"வந்து போயிருக்கா, வந்து உக்காந்துகினு இருக்கா?"

"அதைப் பாக்கத்தான் எக்ஸ்ரே."

"உனக்கு?"

கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் இழுத்துப் பார்த்தேன். சிவந்து தடித்து, நடுவில் கொப்புளம். நெருப்பு பட்ட மாதிரி. மற்றப் பெண்களுக்கும் சிலபேருக்கு வீக்கம் இருந்தது, இந்த அளவுக்கு இல்லை. தட்டைக்கை வந்தவர்கள் பாஸ் ஆகிவிட்டதாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய டீச்சர் விக்டோரியா சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து, "இது பரீட்சை இல்லைடி. நாளைக்குத் தோள்ல குத்து வாங்கி, புண்ணு வந்து, உம்முன்னு இருக்கப்போறது நீங்கதான்" என்றாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னாள் சிஸ்டர். ஆனால் இவ்வளவு வீங்கினால் வீட்டில், பக்கத்தில், யாருக்காவது இருக்குமோ என்று பார்க்க வேண்டுமாம். யாராவது இருமுகிறார்களா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது.

"எத்தனை நாளா இருக்கு பெரியவரே?"

"இது பஸ்ஸுல தூசிம்மா."

அவள் நம்பவில்லை. வீட்டுச் சோதனை முடிகிற வரைக்கும் அங்காளம்மாவைக் குழந்தைகள் வார்டுக்கு விடமாட்டேன் என்றாள். திரும்பி வரும்போது வாசல் கேட் வரைக்கும் வந்த இன்னொரு பெண், "போன வருஷம் ஒருத்தியைப் பெட்டி படுக்கையோட அனுப்பிட்டாங்க தாத்தா" என்றாள். சும்மா சொல்லி வைத்தாள். எனக்கு பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

12-2-1969

இருமல் எனக்குப் பீடி பிடிக்க ஆரம்பித்த நாளில் இருந்து இருக்கிறது. என் மனைவி கங்கம்மாள் உயிரோடு இருந்தபோது, நான் ஏரியில் இருந்து வருவதை இருமலை வைத்தே தெரிந்துகொண்டு சோறு போடுவாள். அவள் போனபோது அங்காளம்மாவுக்கு நாலு வயது. நான் ஏரிக்குப் போனால் பிள்ளை அசன் முகைதீன் கடையில்தான் இருக்கும். கயிற்றுச் சுருளுக்குள் உட்கார வைத்துவிடுவான், வெளியே வர முடியாது. அவன் மனைவி ஜெய்னம்பு சோறு ஊட்டுவாள்.

அப்படி வளர்ந்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, ஒரு வேலைக்குப் போகிற நேரம். என் நெஞ்சுக்கூட்டில் இருக்கிற ஏதோ ஒன்றால் அவளைத் திருப்பி அனுப்பினால்? நான் செத்தாலும் பரவாயில்லை. சோதனையில் பிடிபடக் கூடாது.

18-2-1969

சுகாதார ஆபீசில் இருந்து ஜெயராஜ் என்று ஒருத்தர் சைக்கிளில் வந்தார். தங்கமான மனுஷன், தண்ணீர் வாங்கிக் குடித்தார். மூடி போட்ட ஒரு குப்பியைக் கொடுத்து, "காலையில எழுந்ததும் நல்லா ஆழமா இருமி, வர்ற சளியை இதுல துப்பி வைங்க. எச்சில் வேணாம், சளி" என்றார். நாளைக்கு வாங்கிக்கொள்வாராம்.

குப்பியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். செல்லியம்மாள் பார்த்துவிட்டுக் கத்தினாள். இப்போது கூரையில் செருகியிருக்கிறது.

19-2-1969

வேலை முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

காலையில் குப்பியை மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அசன் முகைதீன் அப்போதுதான் பலகையை எடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"இந்தச் சின்னக் குப்பிக்கா இவ்ளோ பேஜாரு? கொடு இங்கே."

"நீ இன்னா பண்ணப்போற?"

"நான் துப்புறேன். நீ பீடி குடிச்சு உள்ளே கரிச்சட்டி ஆக்கி வச்சிருக்கே. நான் பீடியைத் தொட்டது உண்டா? குதிரை மாதிரி இருக்கேன். நோன்புல எளைச்சது மட்டும் இன்னும் ஏறல, அவ்ளோதான்."

தினமும் காலையில் அவன் கனைக்கிற கனைப்பு தெருக்கோடி வரை கேட்கும். கனைத்தான். துப்பினான். மூடியைத் திருகினான். "நாகமுத்துன்னு எழுதிக்கச் சொல்லு" என்றான்.

எனக்கு இது தப்பாகவே படவில்லை. எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை. என் முறை வருகிற நாளில் எனக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தன் என் இடத்தில் நின்று வலை இழுப்பான். இறால் என் வீட்டுக்கு வந்துவிடும். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஆளுக்கு ஆள் நிற்பதுதான் எங்கள் மரியாதை. அசன் முகைதீன் எனக்காக நின்றான்.

(மாமா சொல்லாததை நானே எழுதுகிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை. செல்லி.)

27-2-1969

பக்ரீத். ஜெய்னம்பு கறி கொடுத்தனுப்பினாள். புதிதாகத் தைத்த சட்டை அசன் முகைதீனுக்குத் தொளதொள என்று இருக்கிறது. தையல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

6-3-1969

ஜெயராஜ் வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே முகம் சரியில்லை.

"பெரியவரே, பயப்படாதீங்க. உங்க சளியில பூச்சி இருக்கு."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசிக்கொண்டே போனார். இப்போதெல்லாம் நல்ல மருந்து இருக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கணும், மாத்திரை வீட்டுல தினம் சாப்பிடணும், ஒரு வருஷத்துக்கு மேல விடாம சாப்பிடணும், நீங்க வைத்தியம் ஆரம்பிச்சுட்டா உங்க பொண்ணு படிப்புக்கு ஒண்ணும் ஆவாது, சிஸ்டர்கிட்ட நானே சொல்றேன்.

படிப்புக்கு ஒன்றும் ஆகாது. அது காதில் விழுந்தது. ஆனால் என் சளி இல்லையே அது. எங்கே இருக்குது என் சளி. அந்தக் குப்பியிலே இருந்தது அவன். குதிரைன்னு சொன்னானே. சட்டை தொளதொளன்னு இருந்துச்சே, நான் பார்த்துகினுதானே இருந்தேன்.

செல்லியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன்.

8-3-1969

ரெண்டு நாள் கடைப்பக்கம் போகவில்லை. அவனே ஆள் அனுப்பினான். போய்ச் சொன்னேன்.

கயிற்றை அளந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான். பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை அவனைப் பற்றி இல்லை.

"அங்காளம்மா சின்னப்புள்ளையா இருக்கசொல்ல என் தட்டுலதான் தின்னுச்சு, மச்சான். என் நெஞ்சு மேலதான் தூங்குச்சு."

"எந்தக் காலத்துச் சேதி அது. போன வாரம் வந்ததோ என்னமோ."

"லீவுல வந்தாலும் இங்கதானே உக்காந்துகினு இருக்கும்."

கயிற்றுச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றான். நோய் என்று தெரிந்தால் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். நானும் யோசித்தேன். இப்போது போய்க் குப்பியை மாற்றிக் கொடுத்தேன் என்று சொன்னால், அங்காளம்மா பேர்தான் கெடும். பொய்க்காரன் மகள் என்று அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் இவனுக்கு மருந்து இல்லை.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. மருந்து என் பேரில் வரட்டும். வலை யார் இழுத்தாலும் இறால் உரியவன் வீட்டுக்குப் போகிற மாதிரி, மாத்திரை அவன் வீட்டுக்குப் போகட்டும். ஊசியை எடுத்துக்கொண்டுவர முடியாது. அதை நான் போட்டுக்கொள்கிறேன்.

அசன் முகைதீன் சிரித்தான். "உன் சூத்துக்கு ஊசி, என் வாய்க்கு மாத்திரையா?"

10-3-1969

முதல் ஊசி. வலிக்கிறது.

23-3-1969

லோகநாதன் வந்திருந்தான். "நைனா, நோவு வந்தும் ஒடம்பு தேறிக்கினே போறியே" என்றான். எனக்குத்தான் நோயே இல்லையே, தேறுவதற்கு என்ன. செல்லியம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. நல்ல பெண்.

கடையில் அசன் முகைதீன் மாத்திரையை ஆணி டப்பாவுக்குள் வைத்திருக்கிறான். டீயோடு விழுங்குகிறான். இருமல் குறைந்தமாதிரி இருக்கிறது என்கிறான். இருமலே இல்லை என்றாயே என்றேன். "இருந்துச்சு, அதைக் கனைப்புன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றான்.

5-4-1969

காதுக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி சத்தம். படகில் நிற்க முடியவில்லை. இன்றைக்கு வலையோடு ஏரியில் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான். செங்கல்வராயன்தான் என்னைத் தூக்கிவிட்டான். பிறந்ததில் இருந்து படகில் நிற்கிறவன் நான். குப்பமே சிரித்தது.

13-4-1969, ஞாயிறு

நாளைக்கு வருஷப் பிறப்பு. அங்காளம்மா லீவில் வந்தாள்.

வாசலில் இருந்து நான் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "நைனா, காதுல சத்தம் கேக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஊசியால வரும். டாக்டர்கிட்ட சொல்லி அளவைக் குறைக்கணும். எங்களுக்குப் பாடத்துல இருக்கு." என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், முதுகில் காதை வைத்தாள். என் மகள் என்னை நோயாளியாகப் பார்த்தது அதுதான் முதல்முறை. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

பிறகு பெரிப்பாவைப் பார்க்கிறேன் என்று கடைக்குப் போனாள். அவள் அவனைப் பெரிப்பா என்றுதான் கூப்பிடுவாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் ஆணி டப்பா.

"இது யாருது?"

நான் வேட்டியை இறுக்கிக் கட்டினேன்.

"நைனா. இது யாருது?"

"அவன்து. மாத்திரை அவன்து. ஊசி என்னுது."

"நோவு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாடு முறையையும் சொன்னேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வலை மாதிரியா நைனா இது? ஊசி யார் ஒடம்புல போவுதோ அவங்களுக்குத்தான். உனக்குக் காது போவுது. அவருக்குப் பாதி மருந்துதான் போவுது. பாதி மருந்துல பூச்சி சாவாது, பழகிக்கும். அப்புறம் எந்த மருந்துக்கும் அடங்காது."

"அவனுக்கு இருமல் கொறஞ்சிருக்கு."

"அதுதான் மோசம்."

14-4-1969

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நாளைக்குப் போய் விக்டோரியா சிஸ்டரிடம் சொல்லிவிடுவதாக அங்காளம்மா சொன்னாள். சொன்னால் உன்னை அனுப்பிவிடுவார்கள் என்றேன். "அனுப்பலாம்" என்றாள். அப்போ சொல்லாதே, வேற வழி பாக்கலாம், நான் பொன்னேரியில பணம் கட்டி மருந்து வாங்கித் தரேன் அவனுக்கு, ஊசியும் வாங்கலாம் — பேசிக்கொண்டே போனேன். அவள் சமாதானமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னாள்:

"பெரிப்பா தேறாம இருந்தா எனக்கு எதுக்கு நைனா அந்த வெள்ளைச் சேலை?"

15-4-1969

மூன்று பேரும் போனோம். எனக்காக அவள் தனியாகப் போய்த் திட்டு வாங்க வேண்டாம் என்று நான் கிளம்பினேன். நான் கிளம்பியதைப் பார்த்து அசன் முகைதீன் கடையை மூடிவிட்டு வந்துவிட்டான். பஸ் முழுக்க வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் வாந்தியா பாய் என்று கேட்டான்.

அங்காளம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு விக்டோரியா சிஸ்டர் முதலில் என்னைக் கேட்டாள்.

"சளி யாருது?"

"என்னுது" என்றான் அசன் முகைதீன்.

"பேரு?"

"அவன்து."

"ஊசி?"

"எனக்கு" என்றேன்.

"மாத்திரை?"

"எனக்கு" என்றான் அவன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரிப்பை அடக்கினாளா, கோபத்தை அடக்கினாளா, எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு பேரும் உக்காருங்க. தள்ளித் தள்ளி உக்காருங்க" என்றாள். பிறகு அங்காளம்மாவைப் பார்த்தாள். "நீதான் கண்டுபிடிச்சியா?"

"ஆமாம் சிஸ்டர்."

"சொல்லாம இருந்திருந்தா உன் படிப்பு அப்படியே போயிருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் தனித்தனியாகக் குப்பி கொடுத்து, அங்கேயே, அவள் கண் எதிரிலேயே துப்பச் சொன்னாள். வெட்கம் கெட்டுத் துப்பினோம். படம் எடுத்தார்கள். எனக்கு நெஞ்சில் பீடிப் புகையைத் தவிர ஒன்றும் இல்லை. அவனுக்கு வலது பக்கம் மேலே ஒரு ஓட்டை.

அங்காளம்மா விஷயத்தைப் பெரிய டாக்டர்தான் முடிவு பண்ண வேண்டுமாம்.

22-4-1969

சேதி இல்லை.

27-4-1969, ஞாயிறு

பெட்டியோடு வந்துவிட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள்தான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "பயப்படாதே, ஒரேடியா அனுப்பலை" என்றாள். பொய்ச் சளி கொடுத்த வீட்டுப் பெண்ணை வார்டில் எப்படி நம்புவது என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். பொய்யை உடைத்ததும் அந்தப் பெண்தானே என்று விக்டோரியா சிஸ்டர் மல்லுக்கு நின்றிருக்கிறாள். கடைசியில் இந்த பேட்ச் வேண்டாம், ஆடியில் வருகிற பேட்சில் முதலில் இருந்து சேரட்டும் என்று முடிவு. உடன் சேர்ந்தவர்கள் எல்லாம் அவளுக்கு சீனியர் ஆகிவிடுவார்கள்.

"இன்னாத்துக்கும்மா உனக்கு இந்தத் தண்டனை" என்றேன்.

"எனக்கு வேலை இருக்கு நைனா இங்கே" என்றாள்.

(அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை. அங்காளம்மாதான் பிசைந்து வாயில் கொடுத்தாள். இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். செல்லி.)

4-5-1969

அவள் வேலை இதுதான். காலையில் குளித்துவிட்டுக் கடைக்குப் போவாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஊசி நாளில் ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போவாள். கடை வியாபாரம் குறையத்தான் செய்தது. கயிறு வாங்க வந்த ரெண்டு பேர் தெருமுனையோடு திரும்பியதை நானே பார்த்தேன். அடுத்த நாள் அங்காளம்மா கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நர்ஸே உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒவ்வொருத்தராக வந்தார்கள்.

அசன் முகைதீன் அவளோடு பேசும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். அவள் குடித்த டம்ளரைத் தொடமாட்டேன் என்கிறான். ஜெய்னம்பு என்னிடம் வந்து, "அண்ணே, அந்தப் புள்ளைக்கு நான்தான் குடுத்தேன்னு மனசுல போட்டுகினு ஒறங்காமக் கெடக்குறாரு" என்றாள்.

11-5-1969

அங்காளம்மா அவனிடம் நேராகவே கேட்டுவிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன் பெரிப்பா சுவரைப் பாத்துப் பேசுறீங்க? சுவரு உங்களுக்கு இன்னா உறவு?"

அவன் சுவரில் மாட்டியிருந்த கயிற்றுச் சுருள்களை எண்ணினான்.

"என் கை வீங்கினதுக்கு யாரும் காரணம் சொல்ல முடியாது. பஸ்ஸுல வந்திருக்கும். பள்ளிக்கூடத்துல வந்திருக்கும். வந்த பூச்சியை என் ஒடம்பு பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கு. அதனாலதான் அவ்ளோ வீக்கம். அந்த ஒடம்பு யாரு சோத்துல வளந்தது?"

அவன் அப்போதும் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. ஜெய்னம்பு உள்ளே போய்விட்டாள். நான் நூல்கண்டு ஒன்றை எடுத்துப் பிரித்துத் திரும்பச் சுற்றினேன்.

20-7-1969, ஞாயிறு

நிலாவில் மனுஷன் இறங்கப் போகிறானாம். ரேடியோவில் அதுதான் பேச்சு. அங்காளம்மா இன்றைக்குத் திருவள்ளூர் திரும்பினாள். புது பேட்ச். மாத்திரை கொடுக்கிற வேலையை ஜெய்னம்புவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். வாயைத் திறந்து பார்க்கணும் பெரிம்மா, நம்பக் கூடாது என்று நூறுமுறை சொன்னாள்.

பஸ் ஏறும்போது அசன் முகைதீன் வந்தான். அவள் முகத்தைப் பார்த்து, "போய் வா தாயி" என்றான்.

28-7-1969

அங்காளம்மாவின் கடிதம். செல்லியம்மாள் படித்தாள். புதுப் பெண்களுக்குச் சோதனை ஊசி போட்டார்களாம். சிஸ்டர் இவளை நடுவில் நிற்க வைத்து, பழைய வீக்கத்தின் தழும்பைக் காட்டச் சொல்லி, வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று இவளையே சொல்லச் சொன்னாளாம். சளிக் குப்பியை யாரும் கடன் வாங்காதீங்க என்று இவள் சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். கூடவே சிஸ்டரும்.

2-11-1970

அசன் முகைதீன் சளியில் பூச்சி இல்லை. தொடர்ந்து மூன்றாவது தடவை. இந்த மூன்றையும் அவன் பேரிலேயே கொடுத்தான்.

என் காதில் வண்டுச் சத்தம் கொஞ்சம் தங்கிவிட்டது. மழைநாளில் கேட்கும்.

1971

(தேதி போடவில்லை. அங்காளம்மாவுக்குப் படிப்பு முடிந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, போட்டோவை மட்டும் டைரிக்குள் வைக்கச் சொன்னார். செல்லி.)

17-9-1978, ஞாயிறு

டைரியில் மீதி இருந்த தாளில் எழுதுகிறோம். செல்லியம்மாளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. லோகநாதன் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மேஸ்திரி. பெரியம்மை நாட்டிலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அங்காளம்மா அதே திருவள்ளூர் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர். விக்டோரியா சிஸ்டர் போன வருஷம் தவறிப்போனாள். அவள் நாற்காலியில் இவள் உட்காரவில்லை, பக்கத்தில் ஒன்று போட்டுக்கொண்டாளாம்.

அசன் முகைதீனின் பேத்தி சைதா இந்த வருஷம் அங்கே சேர்ந்திருக்கிறாள். அவன் மகன் மெட்ராஸ் மண்ணடியில் இருந்து எழுபதில் திரும்பி வந்தபோது கூடவே வந்த ஒன்பது வயதுப் பிள்ளை. அன்றில் இருந்து தாத்தா வீட்டில்தான். அவன் தட்டில் தின்று, அவன் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள். போன வாரம் அவளுக்குச் சோதனை ஊசி. மூன்றாம் நாள் அங்காளம்மாவே அளந்திருக்கிறாள். தடவிப் பார்த்தாளாம், வெயிலில் திருப்பிப் பார்த்தாளாம், மறுபடி தடவினாளாம்.

தட்டை. ஒன்றுமே இல்லை.

தோளில் பி.சி.ஜி. குத்திவிட்டு, சேதி சொல்ல நேராக பஸ் ஏறி வந்துவிட்டாள், முப்பது வயதை நெருங்குகிற பெண், ஓட்டமாக ஓடிக் கடைக்குப் போனாள்.

இன்றைக்கு ஜெயராஜ் வந்தார். ரிடயர் ஆகப்போகிறார். அறுபத்தொன்பதில் மருந்து சாப்பிட்டவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, வரிசையாகச் சொன்னேன். செங்கல்வராயன், உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் விட்டான், எழுபத்திரண்டில் போய்விட்டான். கோயில் தெரு தானியேல், மருந்தை முழுக்கச் சாப்பிட்டான், போன புயலில் படகோடு போனான். உப்பளத்து சடையப்பன், வயசு. நான் அந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை, ஊசி மட்டும்தான் போட்டுக்கொண்டேன்.

"அப்போ யாரும் இல்லையா பெரியவரே?"

ஒருத்தன் இருக்கான். கடையிலே கயிறு அளந்துகினு இருப்பான், போய்ப் பாருங்க. அசன் முகைதீன்.